தோட்டத்துக்கு அடியில் காட்சிக்கூடம்: திட்டமிடுதலும் நிதி திரட்டுதலும்

பழைய அருங்காட்சியகம் ஒன்றுக்குப் புதிய கூடம் தேவை, பக்கத்தில் இடமில்லை, மாடி எழுப்பினால் பாரம்பரியக் கட்டடத்தின் முகம் கெட்டுவிடும். இந்த நிலையில் மிஞ்சும் வழி, தோட்டத்தின் கீழே இறங்குவது. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில், மைன் ஆற்றங்கரையில் உள்ள ஷ்டேடல் அருங்காட்சியகம் அப்படித்தான் செய்தது. 1945-க்குப் பிந்தைய கலைப்படைப்புகளுக்காகப் பின்புறத் தோட்டத்தின் அடியில் 3,000 சதுர மீட்டர் பரப்பில் அமைந்த கூடம் 2012 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மேலே புல்வெளி. அதில் 195 வட்டக் கண்ணாடிச் சாளரங்கள். கீழே 12 தூண்கள் தாங்கும் வளைகூரை. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த வேலையை முன்மாதிரியாக வைத்து, மண் பரிசோதனையிலிருந்து தோட்டத்தைத் திரும்ப அமைப்பது வரை படிப்படியாகச் செல்கிறது.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது

தரைக்கு மேல் எழும் கட்டடத்தைப் பணமில்லாமல் பாதியில் நிறுத்தினால் நஷ்டம் உண்டு, ஆபத்து குறைவு. தோண்டிய குழியை அப்படி நிறுத்த முடியாது. குழியின் பக்கச் சுவர்களைத் தாங்கும் முட்டுகள் தற்காலிகமானவை. ஊறும் நீரை இறைக்கும் பம்புகள் இரவும் பகலும் ஓடியாக வேண்டும். பக்கத்திலேயே நூறு ஆண்டுப் பழைய கட்டடம் நிற்கிறது. ஆகவே இந்த வகைத் திட்டத்தில் பொறியியலையும் நிதியையும் தனித்தனிக் குழுக்கள் தனித்தனியே பார்ப்பது தவறு. குழி தோண்டத் தொடங்கும் நாளில், கூரை மூடி அதன்மேல் மண் திரும்பும் நாள் வரைக்குமான பணம் உறுதியாகியிருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றுவதற்கானது.

அ. இடத்தை அறிதல்

1. தேவையை எழுதி வைத்தல். எத்தனை சதுர மீட்டர், எந்த வகைப் பொருள்கள், எந்த ஈரப்பதம், எவ்வளவு உயரம் என்று சேகரிப்புக் காப்பாளரே எழுத வேண்டும். ஷ்டேடலில் கூடம் வருவதற்கு முன்பே படைப்புகள் வந்துவிட்டன. டாய்ச்சே வங்கி தன் சேகரிப்பிலிருந்து 600 படைப்புகளை நீண்டகால அடிப்படையில் ஒப்படைத்தது, டி.இசட். வங்கியிடமிருந்து புகைப்படங்கள் வந்தன. இடம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிட வலுவான பதில் இல்லை. காட்ட எதுவுமில்லாத கூடத்துக்கு எந்தப் புரவலரும் பணம் தரமாட்டார்.

2. சட்டத் தடைகளைப் பார்த்தல். இந்தியாவில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. நிலத்தடியில் கட்டுவதும் கட்டுமானமே. வெளியே தெரியாது என்பதால் அனுமதி தேவையில்லை என்று எண்ணக்கூடாது. டெல்லியில் ஹுமாயூன் கல்லறை வளாகத்துக்கும் சுந்தர் நர்சரிக்கும் இடையே, பழைய படிக்கிணறுகளின் அமைப்பைத் தழுவித் தரைக்குக் கீழே இறங்கும் அருங்காட்சியகம் 2024 ஜூலையில் திறக்கப்பட்டது. உலகப் பாரம்பரியச் சின்னத்தின் காட்சி மறையாமல் இடம் தேடுவோர் நேரில் சென்று பார்க்க வேண்டிய கட்டடம் அது.

3. மண்ணும் நீரும். திட்டமிட்ட ஆழத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குப் பல இடங்களில் துளையிட்டு மண் மாதிரி எடுக்க வேண்டும். சில துளைகளில் குழாய் இறக்கி, குறைந்தது ஓராண்டு, மழைக்காலம் முழுவதையும் உள்ளடக்கி, நீர்மட்டத்தை அளந்து பதிய வேண்டும். கோடையில் ஒரே ஒரு முறை அளந்த நீர்மட்டத்தை நம்பி வரைபடம் போடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நேரும் தவறு. பின்னால் பெரும் செலவு வைப்பதும் அதுவே.

4. மரங்களைக் குறித்தல். காக்க வேண்டிய ஒவ்வொரு மரத்தின் தண்டு விட்டத்தையும் மார்பளவு உயரத்தில் அளந்து, அதைப் போல 12 மடங்கு ஆரத்தில் வட்டம் போட வேண்டும். 50 செ.மீ. தண்டு என்றால் 6 மீட்டர் ஆரம். அந்த வட்டத்துக்குள் தோண்டலும் கூடாது, வண்டியும் போகக்கூடாது, சிமென்ட் மூட்டையும் அடுக்கக்கூடாது. வட்டங்களைப் போட்டு முடித்த பிறகு மிஞ்சும் இடமே கூடத்தின் உண்மையான எல்லை.

5. பழைய கட்டடத்தைப் பதிவு செய்தல். சுவர், தளம், வளைவு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, இருக்கும் வெடிப்புகளின் மீது அளவுகோல் பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல் தோண்டத் தொடங்கினால், பின்னர் தெரியும் வெடிப்பு பழையதா புதியதா என்று ஒப்பந்ததாரரோடு வழக்காடவே காலம் போகும்.

ஆ. மிதப்புக் கணக்கு

காலிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் மேலே எழும்புவது போல, நிலத்தடி நீருக்குள் இறங்கிய கான்கிரீட் பெட்டியும் எழும்பப் பார்க்கும். இந்தக் கணக்கைப் பொறியாளர்தான் போடுவார் என்றாலும், திட்டத்தை நடத்தும் அறங்காவலருக்கும் அது புரிய வேண்டும். நிதி அட்டவணையே இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மேலே 1 மீட்டர் மண், கூரைத் தளம் 0.5 மீட்டர், கூடத்தின் உயரம் 6 மீட்டர், அடித்தளம் 1.2 மீட்டர். அடிமட்டம் தரையிலிருந்து 8.7 மீட்டர் ஆழத்தில் இருக்கும். நீர்மட்டம் 3 மீட்டர் ஆழத்தில் நின்றால், 5.7 மீட்டர் நீர் அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளும். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 5.7 டன். எதிர்த்து அழுத்துவது எவ்வளவு? கான்கிரீட் கன மீட்டருக்கு 2.5 டன் என்று கொண்டால் அடித்தளம் 3 டன், கூரை 1.25 டன், ஆக 4.25 டன். மண் போட்ட பிறகு, அதை வறண்ட எடையில் 1.6 டன் என்று வைத்தால், 5.85 டன்.

மண் திரும்பும் வரை பெட்டி நீரைவிட இலேசாக இருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும். அதுவரை பம்பு நின்றால் அடித்தளம் தூக்கிக்கொள்ளும், வெடிக்கும். மண் போட்ட பின்னரும் விளிம்பு மெல்லியதே. மேல்தள்ளும் விசையைப் போல 1.2 மடங்கு எடை வேண்டும் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு இன்னும் 1 டன் குறைகிறது. சுவரும் தூண்களும் இதில் ஒரு பங்கை ஈடுகட்டும். மிச்சத்துக்கு அடித்தளத்தைத் தடிப்பாக்கலாம் என்று தோன்றும். ஆனால் 10 செ.மீ. தடிப்பாக்க 10 செ.மீ. கூடுதலாகத் தோண்ட வேண்டும், 0.25 டன் எடை கூடும்போது 0.1 டன் நீரழுத்தமும் கூடிவிடும். ஆகவே ஒரு எல்லைக்குப் பிறகு அடித்தளத்தைக் கீழ்மண்ணோடு பிணைக்கும் இழுவைப் பைல்களே சிக்கனம். வெள்ளக் காலத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் ஒரு டன் விசை கூடும். கணக்கில் எடுக்க வேண்டியது அந்த உச்ச நீர்மட்டத்தைத்தான்.

இ. தோட்டமே கூரை

தோட்டத்தைக் கட்டட வேலை முடிந்த பின் செய்யும் அலங்காரமாக நினைத்து, தோட்டக்கலை வல்லுநரைக் கடைசியில் அழைக்கும் திட்டங்கள் பல. அது பெரிய பிழை. கூரையின் தடிமனும் தூண்களின் இடைவெளியும் மேலே என்ன வளரப்போகிறது என்பதைப் பொறுத்தவை. புல்லுக்கு 20 முதல் 30 செ.மீ. மண் போதும். புதர்ச் செடிகளுக்கு 45 முதல் 60 செ.மீ. வேண்டும். சிறு மரத்துக்கு ஒரு மீட்டர், பெரிய மரத்துக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல். நனைந்த மண் கன மீட்டருக்கு 2 டன் வரை கனக்கும். மிதப்புக்கு வறண்ட எடை, கூரையின் சுமைக்கு நனைந்த எடை என்று இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். மரங்களைத் தூண்களுக்கு நேர் மேலே வைப்பது பழகிய முறை.

6. கூரை அடுக்குகளைக் கீழிருந்து மேலாக இந்த வரிசையில் அமைக்க வேண்டும்: சரிவு கொடுத்த கான்கிரீட் தளம், நீர்த்தடுப்புப் படலம், வேர்த்தடுப்பு, அதைக் காக்கும் பலகை, நீர்வடி அடுக்கு, வடிதுணி, பிறகு மண். சரிவு இல்லாத தளத்தில் எந்தப் படலமும் நெடுநாள் நிற்காது.

7. நீர் தேக்கிச் சோதித்தல். படலம் ஒட்டி முடிந்ததும் வடிகால் வாய்களை அடைத்து, விளிம்பில் கரை கட்டி, 48 முதல் 72 மணி நேரம் தண்ணீர் நிறுத்த வேண்டும். கீழே ஒருவர் விளக்கோடு கூரையின் அடிப்பகுதியை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, ஓதம் தெரியும் இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, நேரத்தையும் எழுத வேண்டும். குழாய் புகும் இடம், சாளரத்தின் கழுத்து, சுவரும் கூரையும் சந்திக்கும் மூலை: கசிவு பெரும்பாலும் இந்த மூன்றில்தான். சோதனை அறிக்கையில் கையெழுத்தாகாமல் ஒரு கூடை மண்கூட மேலே போகக்கூடாது.

குறிப்பு: நீர்த்தடுப்பில் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1987-ல் திறந்த நிலத்தடிக் கூடங்களின் கூரை பிற்காலத்தில் ஒழுகத் தொடங்கியது. படலத்தைச் சரிசெய்ய மேலே வளர்ந்த தோட்டத்தையே பெயர்க்க வேண்டும் என்ற நிலை. 2014-ல் அந்தத் தோட்டத்தை முற்றிலும் மாற்றும் திட்டம் வெளியானபோது பொதுமக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. மேலே இருப்பது மக்கள் நேசிக்கும் தோட்டமாக வளர்ந்துவிட்டால், கீழே உள்ள கோளாறைத் தொடுவதே கடினமாகிவிடும். ஆகவே முதல் முறையே இரட்டைப் படலம் போட்டு, கூரையைப் பகுதிகளாகப் பிரித்து அமைப்பது நல்லது. எந்தப் பகுதி ஒழுகுகிறதோ அதை மட்டும் திறந்து பார்க்கலாம்.

ஈ. வெளிச்சமும் வழியும்

நிலத்தடி என்றதும் பார்வையாளர் மனத்தில் எழுவது இருட்டும் புழுக்கமும். ஷ்டேடலின் கட்டடக் கலைஞர்களான ஷ்னைடர்+ஷூமாகர் இதற்குக் கண்ட வழி எளியது. கூரையின் நடுவை மேலே வளைத்தார்கள். கூடம் நடுவில் 8.2 மீட்டர் உயரம் பெற்றது. மேலே புல்வெளி மெல்லிய மேடாக எழுந்தது. 1.5 முதல் 2.7 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சாளரங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பெரிதாகிச் செல்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளும் வெயிலை மறைக்கும் திரையும் எல்.இ.டி. விளக்கும் உண்டு. அவற்றின் மேல் நடக்கலாம். வளைவு அழகுக்கு மட்டும் அல்ல. மழைநீர் தேங்காமல் ஓரங்களுக்கு ஓடவும் அதுவே உதவுகிறது.

சாளரம் ஒவ்வொன்றும் நீர்த்தடுப்பில் ஒரு துளை என்பதையும் மறக்கக்கூடாது. வெப்ப நாடுகளில் எண்ணிக்கையைக் குறைத்து, வடக்கு வெளிச்சத்தை வாங்கும் அமைப்பையும் பரிசீலிக்கலாம். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே எல்லை. இவற்றுக்கான அறையில் சாளரமே வேண்டாம்.

நுழைவாயிலைத் தோட்டத்தில் தனியாக வைக்காமல் பழைய கட்டடத்தின் உள்ளிருந்தே இறங்கும்படி அமைப்பதே சிறந்தது. பாதுகாப்புக்கும் சீட்டு வாங்கும் வரிசைக்கும் ஒரே வாசல் போதும். பழைய சேகரிப்பும் புதியதும் ஒரே நடையில் இணைகின்றன. ஷ்டேடலில் பார்வையாளர் பழைய கட்டடத்திலிருந்தே படியிறங்கிப் போகிறார். சக்கர நாற்காலிக்கான மின்தூக்கியும், பெரிய சிற்பம் இறங்கும் சரக்கு மின்தூக்கியும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் சேர்க்க வழியே கிடையாது.

உ. செலவுப் பட்டியல்

8. மதிப்பீட்டை நான்கு தனிக் கணக்குகளாக எழுத வேண்டும்.

முதல் கணக்கு குழி: முட்டுச் சுவர், தோண்டல், மண் அகற்றல், நீர் இறைப்பு, பைல்கள், அடித்தளம், சுவர், கூரை, நீர்த்தடுப்பு, மண் திருப்பம். இதில் எதிர்பாராச் செலவுக்கு 20 விழுக்காடு ஒதுக்குவது மிகையல்ல. பழைய கிணறோ, வரைபடத்தில் இல்லாத கழிவுநீர்க் குழாயோ, தொல்பொருளோ தட்டுப்பட்டால் வேலை நிற்கும். பம்பு மட்டும் நிற்காது. இரண்டாவது கணக்கு உள்வேலை: குளிர்சாதனம், விளக்கு, காட்சிப் பெட்டிகள். மூன்றாவது, பழைய கட்டடத்தைச் சீரமைத்தல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஷ்டேடலின் மொத்தச் செலவான 5.2 கோடி யூரோவில் புதிய கூடத்துக்கு ஆனது 3.4 கோடி, மீதி 1.8 கோடி பழைய கட்டடத்தின் சீரமைப்புக்கு. நான்காவது, திறந்த பிறகான பராமரிப்பு.

முதல் கணக்கை மற்றவற்றோடு ஒருபோதும் கலக்கக்கூடாது. உள்வேலைக்குப் பணம் தாமதமானால் கூடத்தைப் பூட்டி வைத்துக் காத்திருக்கலாம். குழிக்குத் தாமதமானால் காத்திருக்க முடியாது.

ஊ. நிதி திரட்டுதல்

9. பெரிய கொடைகளை அமைதியாக, முதலில். பொது அறிவிப்புக்கு முன்பே இலக்கில் பாதிக்குமேல் பெரிய புரவலர்களிடமும் அரசிடமும் உறுதியாகியிருக்க வேண்டும். ஷ்டேடல் செலவில் பாதி தனியார் நன்கொடையாக வந்தது. ஒரு வணிகர் 1815-ல் எழுதி வைத்த உயிலிலிருந்து பிறந்த நிறுவனம் என்பதால் குடிமக்களின் கொடை அங்கே புதிதல்ல. ஸ்மித்சோனியன் கூடங்களுக்கும் அரசுப் பணமும் தனியார் கொடையும் சேர்ந்தே வந்தன.

10. தோட்டத்துக்குத் தனிப் புரவலர். நிலத்தடித் திட்டத்தில் பணம் கேட்பது கடினம். முடிந்த பின் வெளியே பார்க்க எதுவும் இல்லை. நீர்த்தடுப்புப் படலத்துக்குப் பெயர் பொறிக்க யாரும் வரமாட்டார்கள். கண்ணுக்குத் தெரிவது தோட்டம்தான். வாஷிங்டன் திட்டத்தில் ஈனிட் ஹாப்ட் என்ற புரவலரிடம் தோட்டத்தின் ஒரு சிறு பகுதிக்கு உதவி கேட்டபோது, செய்தால் முழுத் தோட்டத்துக்கும் செய்வேன் என்றார். 30 லட்சம் டாலர் கொடுத்தார், 4.2 ஏக்கர் தோட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனவே பெயர் சூட்டும் வாய்ப்புகளைத் தோட்டம், சாளரங்கள், படிக்கட்டு என்று கண்ணில் படுபவற்றுக்கு வைத்து, ஒப்பந்தத்தில் அந்தப் பணத்தின் ஒரு பகுதி மறைந்திருக்கும் வேலைக்கும் செல்லும் என்று வெளிப்படையாக எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் திருப்பிவிடுவது நம்பிக்கைத் துரோகம்.

11. பிறகே பொதுமக்களிடம். ஷ்டேடல் தன் சின்னம் பதித்த மஞ்சள் நிற ரப்பர் பூட்ஸ்களை விற்றது. கட்டடத் தளத்தில் போடும் காலணி அது. வாங்கியவர் எல்லோரும் கட்டுவதில் பங்கெடுத்தவர்கள் என்பது அதன் பொருள். நகரெங்கும் அந்த மஞ்சள் தெரிந்தது. இப்படித் திரளும் தொகை மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கள் தோட்டம் குழியாகக் கிடப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஊருக்கு, அந்தக் குழி தங்களுடையது என்ற உணர்வைத் தருவது இதுதான்.

12. இந்தியச் சூழலில் கவனிக்க வேண்டியவை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன் கீழ் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாடு, பாரம்பரியப் பாதுகாப்பு அதற்குரிய பட்டியலில் உண்டு. ஆனால் தொடர் திட்டத்துக்கான பணத்தை, தொடங்கிய ஆண்டு நீங்கலாக, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழித்தாக வேண்டும். குழி தாமதமானால் இந்தக் காலக்கெடு கைநழுவும். எனவே அனுமதிகள் கைக்கு வந்த பிறகே இந்தப் பணத்தை ஏற்பது புத்திசாலித்தனம். வெளிநாட்டுக் கொடையை, அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. மத்தியக் கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

13. வாக்குறுதியும் ரொக்கமும். புரவலர் ஐந்தாண்டில் தருவதாகச் சொன்ன தொகை இன்றைய பம்பு வாடகையைக் கட்டாது. மாதவாரியாக வரவு ஒரு வரிசை, செலவு ஒரு வரிசை என்று அட்டவணை போட்டு, குழி தோண்டும் மாதத்திலிருந்து மண் திரும்பும் மாதம் வரை எந்த மாதத்திலும் கையிருப்பு குறை காட்டாமல் இருக்க வேண்டும். குறை தெரிந்தால் வங்கியின் இடைக்காலக் கடனுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட வேண்டும். இந்த அட்டவணையில் அறங்காவலர் குழு கையெழுத்திடாமல் தோண்டும் உத்தரவு தரக்கூடாது.

எ. தோண்டும் காலத்தில் பாதுகாப்பு

- முட்டுச் சுவர் முழுமையாகாமல் யாரும் குழிக்குள் இறங்கக்கூடாது.
- தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்கக்கூடாது. ஆழத்தில் பாதி தூரமாவது தள்ளிப் போட வேண்டும். பாரவண்டிக்கும் இதே விதி.
- நீர் இறைக்க மாற்றுப் பம்பும், தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டரும் கட்டாயம். வாரம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும்.
- நீரை அளவுக்கு மீறி இறைத்தால் பழைய கட்டடத்தின் அடிமண் இறுகி, சுவர் இறங்கும். வெளியேறும் நீரில் மணல் கலங்கி வந்தால் உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.
- அதிர்வும் தூசியும் பழைய கூடங்களைத் தாக்கும். தோட்டத்தை ஒட்டிய அறைகளிலிருந்து எளிதில் உடையும் பொருள்களை வேலை தொடங்கும் முன்பே அகற்ற வேண்டும்.
- வெடிப்பு அளவுகோல்களைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் படித்து எழுத வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் வேலை நிற்கும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஏ. வெள்ளமும் தீயும்

ஆற்றங்கரை அருங்காட்சியகங்களுக்கு 2016 ஜூன் ஒரு பாடம். சேன் ஆறு பெருகியபோது பாரிஸின் லூவர் மூடப்பட்டு, கீழ்த்தளக் கிடங்குகளிலிருந்த பொருள்கள் அவசரமாக மேலே ஏற்றப்பட்டன. 2019-ல் லூவர் தன் பாதுகாப்புக் கிடங்கைத் தொலைவில் லியேவாங் நகரில் திறந்தது. இதிலிருந்து கொள்ள வேண்டிய விதி: நிலத்தடியில் காட்சி இருக்கலாம், கிடங்கும் மின்சாரத் தலைமைப் பலகையும் அங்கே வேண்டாம். படிக்கட்டு, காற்றுக் குழல், சாளரம் எல்லாவற்றின் வாயும் பதிவான உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே எழ வேண்டும். எந்தப் பொருளை முதலில் ஏற்றுவது, எத்தனை பேர் தேவை, எங்கே வைப்பது என்ற பட்டியல் காவலர் அறையில் இருக்க வேண்டும்.

தீயைப் பொறுத்தவரை, நிலத்தடியில் மனிதர் தப்பும் வழியும் புகை ஏறும் வழியும் ஒன்றாகவே அமைந்துவிடும் அபாயம் உண்டு. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டு வெளியேறும் படிகளாவது வேண்டும். அவை புகை புகாத அடைப்புக்குள் அமைந்து, நேராகத் தோட்டத்தில் திறக்க வேண்டும். புகைபோக்கி விசிறிக்குத் தனி மின்வழி தேவை. தீயணைப்புத் துறையிடம் முடிந்த வரைபடத்தைக் கொண்டுபோகாமல், வரையும்போதே கலந்து பேசுவது பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

ஐ. திறந்த பிறகு

புதிய கான்கிரீட் மாதக்கணக்கில் ஈரத்தை வெளியிடும். கூடம் முடிந்தவுடன் ஓவியங்களை மாட்டாமல், காற்றை உலர்த்திக்கொண்டு ஈரப்பதத்தைத் தொடர்ந்து பதிந்து, ஒரு முழு மழைக்காலம் நிலையாக இருப்பதைப் பார்த்த பிறகே பொருள்களை இறக்க வேண்டும். திறப்பு விழாத் தேதியை அமைச்சரின் வசதிக்காக இதற்கு முன்னே இழுக்கும் கட்டாயம் வரும். காப்பாளர் அதற்கு இணங்கக்கூடாது.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் கட்டுமானச் செலவில் 2 விழுக்காடு வேண்டும் என்று கொண்டு, தன் வட்டியிலேயே இந்தச் செலவை ஈடுகட்டும் மூலநிதி ஒன்றைக் கட்டுமான நிதியோடு சேர்த்தே திரட்ட வேண்டும். கூடம் திறந்த பிறகு பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கிடைப்பது அரிது. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், வடிகால் வாய்களைத் திறந்து வேரும் இலையும் எடுத்து, கூரையின் அடிப்பகுதியைப் பழைய சோதனைப் படங்களோடு ஒப்பிட வேண்டும்.

தோட்டக்காரரின் கொட்டகைச் சுவரில் கூரையின் வரைபடம் ஒன்று மாட்டியிருக்க வேண்டும்: எங்கே எவ்வளவு மண், எங்கே படலம், எங்கே குழாய். கடப்பாரை, பந்தல் கால், கொடிக்கம்பம் எதுவாயினும் குறித்த ஆழத்துக்கு மேல் இறங்கக்கூடாது. புதிதாக மரம் வைப்பதென்றால் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், அதன் எடையும் இடமும் குறித்த பதிவும் அதே கொட்டகையின் கோப்பில் சேர வேண்டும்.